ஒரு மணி நேரம் தள்ளி

காலை வண்டி ஊதியபோது மதகடியில் மூன்று பேர் இருந்தார்கள். ஏரித் தண்ணீரைப் பங்கு பிரித்து விடுகிற நீர்க்கட்டி ஒருவர். தலைமடை நிலத்துக்காரர்களான அண்ணனும் தம்பியும் மற்ற இருவர். அங்கே இருக்க வேண்டியவர்கள், ஆனால் இல்லாதவர்கள், அவர்களும் மூன்று பேர்தான்: என் அப்பா, என் சித்தப்பா, நான். நாங்கள் ஒரு மைல் கீழே, கடைமடை வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று கோரை பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவர்கள் இருந்ததில் அதிசயம் இல்லை. நாங்கள் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

எங்கள் ஊரில் அப்போது கடிகாரம் கிடையாது. வேப்பம்பட்டு ஸ்டேஷன் சுவரில் ஒன்று தொங்கியது. அதைப் பார்க்க ஒன்றரை மைல் நடக்க வேண்டும். ஊர் என்றால் ஒரே ஒரு கடைத்தெரு. புகையிலையும் மண்ணெண்ணெயும் விற்கிற கடை, கொல்லன் உலை, கள்ளுக்கடை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடைத்தெருவில் வாரத்துக்கு ஒரு மண்டையாவது உடையும். பெண்டாட்டியை அடித்தவனை மைத்துனன் அடிப்பான். மைத்துனனை அவன் அண்ணன் அடிப்பான். அடிபட்டவன் மறுநாள் அதே கடையில் வந்து புகையிலை கடன் கேட்பான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தண்ணீர் விஷயத்தில் அடித்துக்கொண்டால் மட்டும் மறப்பதில்லை.

அதனால்தான் ஏரித் தண்ணீருக்கு ரயிலை மணியாக வைத்தார்கள். அரக்கோணத்திலிருந்து பட்டணம் போகிற காலை பாசஞ்சர் ஏரிக்கரைக்கு நேராக வரும்போது ஊதும். ஊதினால் தலைமடைக்காரர் முறை முடிந்தது, கடைமடைக்காரர் முறை ஆரம்பம். சாயங்கால வண்டி திரும்பி வந்து ஊதினால் மறுபடியும் தலைமடைக்குப் போய்விடும். வண்டி தாமதமாக வந்தாலும் அதுதான் மணி. அதோடு இன்னொரு விதியும் இருந்தது. "வண்டிக்கு ஆள் நிக்கணும்" என்பார்கள். ஊதுகிற நேரத்தில் தண்ணீர் வாங்குகிறவன் மதகடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய முறை போயிற்று. யார் முதலில் வந்தது என்கிற தகராறில் ஒருவனுக்குக் கண் போன பிறகு ஊர் கூடி வைத்த விதி அது.

என் அப்பா பதினெட்டு வருஷம் அந்த அண்ணன் தம்பிகளின் தகப்பனாரிடம் படியாளாக இருந்தவர். படியாள் என்றால் வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று பேசிக்கொண்டு, விடிந்தது முதல் பொழுது அடையும் வரைக்கும் அவர்கள் வீட்டு மாடு மாதிரி உழைப்பது. அப்பாவின் முதுகில் புளிய விளாறு இழுத்த கோடுகள் இரண்டு உண்டு. மாடு வரப்பு தாண்டிப் போய்விட்டது என்பதற்காக விழுந்த அடி. தகப்பனார் செத்ததும் அப்பா வெளியே வந்து, நசரத்பேட்டையில் இருந்த ஒரு நிலக்காரரிடம் கடைமடையில் ஒரு காணியை வாரத்துக்குக் கேட்டு வாங்கினார். விளைவதில் பாதி அவருக்கு. நிலக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு போகம் பாக்கறேன். என் பங்கு கொறையாம வந்துச்சுன்னா காணி உன்னுது மாதிரி வச்சுக்கோ. வரலேன்னா அந்த அண்ணன் தம்பிங்க கேட்டுகினே கீறாங்க, அவுங்களுக்குக் குடுத்துடுவேன்."

எங்கள் குடும்பத்தில் எவனும் அதுவரைக்கும் தனக்கென்று ஒரு வரப்பு வெட்டியதில்லை. அப்பா நட்ட பயிரைப் பார்த்து அம்மா அழுதாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தபோதுகூட அவள் அழவில்லை.

ஆவணி மாதம். கதிர் பால் பிடிக்கிற நேரம். ஏரியில் தண்ணீர் தரையோடு கிடந்தது. இன்னும் ஒரு பகல் பாய்ந்தால் தீர்ந்துவிடும். "ஒரு தண்ணி போதும்டா. ஒரே ஒரு தண்ணி" என்று அப்பா தூக்கத்தில்கூடச் சொன்னார். மறுநாள் காலை வண்டியிலிருந்து எங்கள் முறை.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் பாதிப்பேர் இன்னும் திரும்பவில்லை. ஆவடியில் பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூலி ஆட்களின் பெயரை எழுதுகிற வேலை எனக்கு. அன்று சாயங்காலம் வேப்பம்பட்டில் இறங்கும்போது ஸ்டேஷன் சுவரில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முழுவதும் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாளை முதல் எல்லாக் கடிகாரங்களும் ஒரு மணி நேரம் 'அட்வான்ஸ்' செய்யப்படும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த அட்வான்ஸ், கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி கொடுக்கிற முன்பணம்தான். மணிக்கு எப்படி முன்பணம் கொடுப்பது? முன்னால் தள்ளுவது என்று அர்த்தமாக இருக்கும் என்று யூகித்தேன். யூகம் சரிதான். அதை ஊரில் வந்து நான் சொன்ன விதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

புகையிலைக் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என் சித்தப்பாவும் இருந்தார். தலைமடைத் தம்பியும் இருந்தார்.

"இன்னா நைனா, ஸ்டேஷன்ல இன்னாவோ காயிதம் ஒட்டிகீறாங்களாமே? ஜப்பான்காரன் வந்துட்டானா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. சர்க்கார் உத்தரவு. நாளையிலேர்ந்து மணியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிறாங்க" என்றேன்.

"மணியத் தள்ளி வைக்கறாங்களா? கல்யாணமா இன்னா, தள்ளி வைக்கறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் வார்த்தைக்கு வேறு அர்த்தம் ஏறிவிட்டது. முள்ளை முன்னால் தள்ளுவது என்று நினைத்துச் சொன்ன நானே, கல்யாணத்தைத் தள்ளி வைக்கிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப காலை வண்டி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருமா?" என்று தம்பி கேட்டார்.

"ஆமா, தள்ளித்தான் வரும்."

"வாய்ல சக்கரை போடணும்டா இந்தப் புள்ளைக்கு. நாளைக்கு எங்களுக்கு ஒரு மணி தண்ணி ஜாஸ்தி."

சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. "சாயங்கால வண்டியும் தள்ளித்தான வரும்? எங்க தண்ணி எங்களுக்கு வந்துடும். நீ ஒண்ணும் சக்கரை போட வாணாம்" என்றார். தம்பி அவரை முறைத்தார். தகப்பனார் இருந்த காலத்தில் இந்தப் பேச்சுக்குக் கன்னம் கிழிந்திருக்கும்.

வீட்டில் அப்பா இதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார். அவருக்குச் சந்தேகம் வந்தது மணியைப் பற்றி இல்லை. "நல்லாப் படிச்சியா? தப்பு இல்லியே?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்ல நைனா, நானே படிச்சேன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் படித்து ஒன்றைச் சொல்லி, அவர் அதை நம்பாமல் இருந்தது கிடையாது. "அப்ப நமக்கு ஒரு மணி நேரம் கீது. காலைல வாய்க்காலைச் செதுக்கிடுவோம். தண்ணி நிக்காம ஓடும்" என்றார்.

விடிந்ததும் வாய்க்காலில் இறங்கினோம். அப்பாவும் சித்தப்பாவும் மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டு போக, நான் கோரையைப் பிடுங்கிக் கரையில் போட்டேன். கோரை உள்ளங்கையை அறுத்தது. சூரியன் ஒரு பனை உயரம் வந்திருக்கும். அப்போது வண்டி ஊதியது.

மூன்று பேரும் நிமிர்ந்தோம்.

"இன்னாடா இது?" என்றார் சித்தப்பா.

"பட்டாளத்து வண்டி" என்றார் அப்பா. அந்த மாதங்களில் ஆவடிக்குச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு நேரங்கெட்ட நேரத்தில் வண்டிகள் போகும். "நம்ப வண்டி வரதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது. எப்பவும் ரெண்டு பனை மேல வரும், இன்னிக்கி மூணு பனை ஆவும். குனிஞ்சு வேலையப் பாரு."

குனிந்து வேலையைப் பார்த்தோம். சுத்தமாகச் செதுக்கினோம். அப்பா ஒரு இடத்தில் வாய்க்கால் தரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

மதகடிக்கு நாங்கள் போனபோது தண்ணீர் தலைமடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாய்க்கால் பிரிகிற இடத்தில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து, மேலே பச்சை நொச்சிக் கிளை ஒன்றைக் குத்தியிருந்தார்கள். முறை தவறியவன் மடையில் கிளை குத்துவது வழக்கம். அண்ணன் மதகுக் கல்லில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். தம்பி கையில் மதகுத் தக்கையை நெம்புகிற கடப்பாரை இருந்தது. நீர்க்கட்டி எங்களைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, கிளை குத்திகீது?" என்று அப்பா கேட்டார்.

பதினெட்டு வருஷம் அந்த வீட்டு வாசலில் நின்று "ஆண்டே" என்று கூப்பிட்ட வாய். அண்ணாத்தே என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. ஒரு மைல் நடந்து வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார் போலிருக்கிறது.

அண்ணன் குச்சியைத் துப்பினார். "வண்டி போயிடுச்சு. ஆள் இல்ல. முறை போச்சு."

"அது பட்டாளத்து வண்டி. நம்ப பாசஞ்சர் இன்னும் வரல."

"டேய், கரை மேல நின்னுகினு கண்ணால பாத்தேன். மோர்க்காரிங்க கூடையோட ஜன்னல்ல குந்திகினு போறாளுங்க. பட்டாளத்துல மோர்க்காரியச் சேத்துக்கறாங்களா?" தம்பி இதைச் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "நீர்க்கட்டியக் கேளு."

நீர்க்கட்டி ஏரியைப் பார்த்தபடியே பேசினார். "வண்டி வந்தாப்பலதான் இருந்துச்சு. ஆளனுப்பிக் கூப்டலாம்னேன். சின்னவரு வாணான்னுட்டாரு."

"உங்க புள்ளதான சொல்லிச்சு, மணி தள்ளி வருதுன்னு" என்றார் அப்பா, தம்பியைப் பார்த்து அல்ல, காற்றைப் பார்த்து. உங்க என்று சொன்னது என்னை அவர்களுக்குப் பொதுவான ஆளாக்குவதற்கு. ஊரில் படித்தவன் ஊருக்குப் பொது என்று அவர் நினைத்தார். "இருந்து பாப்போம். மூணு பனை வரைக்கும் நிப்போம். நம்ப வண்டி வந்துச்சுன்னா கிளையப் புடுங்கிடணும். வரலேன்னா நான் போயிடறேன்."

"நில்லு. உன்ன யாரு வாணான்னா" என்றார் அண்ணன்.

நின்றோம். ஆறு பேரும் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. தண்ணீர் எங்கள் காலடியில் அடுத்தவன் நிலத்துக்கு ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைமடைப் பயிர் ஏற்கனவே நனைந்து நின்றது. வரப்பு மீறித் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவையும் இல்லை.

தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "படிச்சவரே, ஆவடில சிப்பாய்ங்களுக்குக் கக்கூஸ் கட்றீங்களாமே. அதுக்கும் மணி பாத்துத்தான் போவணுமா?" என்றார். சித்தப்பாவின் தாடை இறுகி இறுகித் தளர்ந்தது.

நான் கீழே உட்கார்ந்து ஒரு குச்சியால் மணலில் வட்டம் போட்டேன். கடிகாரம் போட்டேன். சின்ன முள்ளை ஏழில் வைத்தேன். காகிதத்தில் இருந்தபடி முன்னால் தள்ளினேன். எட்டுக்கு வந்தது. காலை பாசஞ்சர் எட்டு மணி வண்டி, கடிகாரத்தில் எட்டானால் வரும். ஆனால் சூரியனுக்கு அது ஏழு.

வண்டி ஒரு மணி நேரம் கழித்து வராது. ஒரு மணி நேரம் முந்தி வரும். வந்து போயும்விட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் மூன்று பனை உயரத்துக்குச் சூரியன் வந்து, வண்டி வராமல், அப்பா அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து திரும்புவதை நினைத்தேன். அதைவிட உண்மையைச் சொல்லிவிட்டால், தப்பு எங்கள் பேரில் இல்லை, ஒரு வார்த்தையின் பேரில் என்று புரிந்துகொள்வார்கள், அரை நாளாவது தண்ணீர் விடுவார்கள் என்று நம்பினேன். நியாயமாகப் பேசினால் நியாயம் கிடைக்கும் என்று அந்த வயதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எழுந்து நின்று சொன்னேன். "நைனா, தப்பு என்னுது. மணியைத் தள்ளறதுன்னா முன்னாடி தள்ளறது. வண்டி முந்தியே வந்துடுச்சு. அது நம்ப வண்டிதான்."

அப்பா என்னை அடித்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே, இடது கையால், காதோடு சேர்த்து. நான் மணலில் போட்ட கடிகாரத்தின் மேலேயே விழுந்தேன். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. படிக்கிற பிள்ளையை அடிக்கக் கூடாது என்று ஒரு எண்ணம் அவருக்கு.

"அடிங்கடா நல்லா!" என்றார் தம்பி. "எய்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத கய்தைக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடு."

அண்ணன் கையை உயர்த்தித் தம்பியை அடக்கினார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "ஒளர்றத வுடு. தப்புன்னு உன் புள்ளையே ஒத்துகினான். முறை எங்களுது. ஆனா நான் ஒண்ணும் கல்லு இல்ல. எங்க அப்பாரு காலத்துல எப்டிக் கேப்பியோ அப்டிக் கேளு. கீய வுயுந்து, ஆண்டேன்னு கேளு. மத்தியானம் வரைக்கும் வுடச் சொல்றேன்."

அப்பா தண்ணீரைப் பார்த்தார். கீழே, மரங்களுக்கு அந்தப் பக்கம், எங்கள் காணி இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கரையில் வைத்தார். மெதுவாக வைத்தார். இடுப்பிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு ஒரு முழங்காலை மடக்கினார். அவர் விழப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த முழங்கால் தரையைத் தொட்டிருந்தால் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் கிடைத்திருக்கும், காணி தங்கியிருக்கும்.

தம்பி சிரித்தார். அதுதான் நடந்தது. பெரிய சிரிப்புகூட இல்லை, மூக்கால் ஒரு காற்று.

சித்தப்பா மண்வெட்டியை வீசினார். தலைக்குத்தான் வீசினார். தம்பி பின்னால் நகர, அது அவர் வலது பாதத்தில் இறங்கியது. ஈரக் களிமண்ணில் இறங்குகிற சத்தம்தான் கேட்டது. தம்பி கீழே பார்த்தார். இரண்டு விரல்கள் பாதத்தோடு இல்லை. அவர் அலறவில்லை, முதலில் ஆச்சரியப்பட்டார். ரத்தம் வாய்க்காலில் இறங்கி அவர்கள் நிலத்துக்கு ஓடிற்று.

பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது. அண்ணன் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு சித்தப்பாமேல் பாய்ந்தார். நான் குறுக்கே விழுந்தேன். நான் தைரியசாலி என்பதால் இல்லை, எழுந்திருக்கப் பார்த்ததில் குறுக்கே வந்துவிட்டேன். கடப்பாரை என் தலைக்கு வந்தது. அப்பா இன்னும் ஒரு முழங்கால் மடங்கியபடியே இருந்தார், அங்கிருந்தே கையை நீட்டினார். கடப்பாரை அவர் வலது மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த கரும்பை முறித்த மாதிரி ஒரு சத்தம். கை தொங்கியது. அவர் அந்தக் கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து, தலையால் அண்ணனின் மார்பில் முட்டினார். இரண்டு பேரும் மதகுக் குழியில் விழுந்தார்கள். குழியில் இடுப்பளவு தண்ணீர். அப்பா ஒரு கையால் அவர் கழுத்தை அமுக்கித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் கால்கள் மேலே உதைத்தன. "ஒரு தண்ணி, ஒரு தண்ணி" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நான் அவர் முடியைப் பிடித்து இழுத்தேன். நீர்க்கட்டி என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். சித்தப்பா தம்பியின் மேல் உட்கார்ந்து முகத்தில் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் "கக்கூஸ்! கக்கூஸ்!" என்றார். அண்ணன் மூச்சுத் திணறி வெளியே வந்தபோது வாயிலிருந்து சேறு கொட்டியது. அவர் உயிரோடு இருந்தது நீர்க்கட்டியால். என்னால் இல்லை.

அந்த அமளியில் யார் கால் பட்டதோ, கிளை குத்திய அடைப்பு பெயர்ந்துவிட்டது. தண்ணீர் எங்கள் வாய்க்காலில் பாய்ந்தது. நாங்கள் காலையில் சுத்தமாகச் செதுக்கி வைத்த வாய்க்காலில் வேகமாக ஓடியது. ஆனால் கீழே மடையைத் திருப்ப ஆள் இல்லை. மயங்கி விழுந்த அப்பாவைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். வாய்க்காலின் கோடியில் கரை உடைந்து, ஏரியில் மிச்சமிருந்தது எல்லாம் ரயில் பாதையோரக் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் அம்மா போய்ப் பார்த்தாள். காணியில் நாலில் ஒரு பங்குகூட நனையவில்லை.

மறுநாள் ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். யார் பேரில் தப்பு என்று கேட்கவில்லை. சித்தப்பாவையும் என்னையும் கடைத்தெரு வேப்பமரத்தில் கட்டி, பெல்ட்டால் அடித்தார். கடைக்காரர் புகையிலை எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அடிக்கு நடுவில் ஹெட் கான்ஸ்டபிள் மூச்சு வாங்குவதற்கு நின்றபோது நான் இங்கிலீஷில் ஏதோ சொன்னேன். ஐயா, நான் படித்தவன் என்பதுபோல் ஏதோ. "படிச்சவனா? அப்ப உனக்கு ரெண்டு ஜாஸ்தி" என்று சொல்லி, சொன்னபடியே செய்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் எண்ணினார், நானும் எண்ணினேன், இரண்டும் ஒத்து வந்தது.

அப்பாவின் கையை ஊர் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கை வீங்கிக் கறுத்ததும் வண்டி கட்டிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவிழ்த்து, மறுபடி முறித்து, மறுபடி கட்டினார்கள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டார். கை ஒட்டியது. ஆனால் கோணலாக ஒட்டியது. அரிவாள் பிடிக்க வராது.

போகிற வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "அந்தக் காயிதத்துல இன்னா வார்த்தை இருந்துச்சு?"

"அட்வான்ஸ், நைனா."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

"முன்னாடி போறது."

வண்டி குலுங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடின்னு சொல்லிகீலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் அன்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னாடி என்று சொல்லியிருந்தாலும் பாதிப்பேர் ஒரு விதமாகவும் பாதிப்பேர் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் பாதிப்பேருக்காவது சரியாகப் புரிந்திருக்கும். அப்பா எப்போதும் முன்கூட்டியே போய் நிற்கிறவர். சந்தேகம் வந்திருந்தால் விடியும்போதே மதகடியில் நின்றிருப்பார்.

அறுவடைக்கு நிலக்காரர் நசரத்பேட்டையிலிருந்து தானே வந்தார். கதிர் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்துபோயிற்று, பதர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் ஏறிவிட்டார். வழக்கமாக வரும் அவர் பங்கில் குறைந்ததைப் பணமாகக் கட்டும்படி ஆள் வந்து சொன்னான். அடுத்த போகத்துக்கு அந்தக் காணியை அண்ணன்தான் உழுதார். தம்பி கட்டையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தார். அப்பா வீட்டு வாசலிலிருந்து பார்த்தார். அண்ணன் தலை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்காமலே உழுதார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, வேறு எப்படி எடுத்துக்கொள்வதா என்று இன்னும் தெரியவில்லை.

கோர்ட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அபராதம் போட்டார்கள். கட்டாவிட்டால் சிறை. அண்ணனுக்குப் போடவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அடித்தார் என்று நீர்க்கட்டி சாட்சி சொன்னார். போன விரல்களுக்கு ஊர் கூடி ஒரு தொகை வைத்தது. அப்பாவின் கைக்கு யாரும் தொகை வைக்கவில்லை. மாட்டை விற்றோம். அம்மா காதிலிருந்ததை விற்றாள். சித்தப்பா ஆவடியில் மண் சுமக்கப் போனார். அவர் பெயரையும் நான்தான் அந்தப் புத்தகத்தில் எழுதினேன். அவர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியபோது, "இதானடா அந்த அட்வான்ஸு?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசிக் காசையும் கட்டி முடித்த அன்று அப்பா என்னை எதிரில் உட்கார வைத்தார். மத்தியானம். கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அபராதம், வெரலுக்குக் கட்னது, வக்கீல், வண்டிக்கூலி, ஆஸ்பத்திரி, நெலக்காரரு பங்கு. ஒண்ணு வுடாம கூட்டு. கூட்டி வாயால சொல்லு. காயிதத்துல வாணாம்."

மனசிலேயே கூட்டினேன். தப்பு வந்துவிடக் கூடாது என்று இரண்டு தடவை கூட்டினேன். இரண்டு தடவையும் ஒரே தொகை வந்தது.

"நூத்தி நாப்பத்தாறு ரூபா எட்டணா, நைனா."